அரைமணி நேர வேலை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நானும் வீட்டுக்காரியும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படியைப் பார்த்தாலே யோசனையாக இருக்கிறது என்று போன தடவை எழுதியிருந்தாய். தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போலப் புட்டியை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

ஒரு சமாச்சாரம். நான் ஒரு லேத் வாங்கிவிட்டேன். ஆமாம், இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற அதே மிஷின்தான். முப்பத்துநாலு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் அதன் முன்னால் நின்றது போதாதா, ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்கே கொண்டுவர வேண்டுமா என்று நீ கேட்பாய். வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள். ஒரு தடவையோடு விடவில்லை.

பழைய மிஷின். என்னைவிட வயதில் மூத்தது. எடை ஒன்றரை டன். பின்பக்கக் கொட்டகையின் கதவு நிலையைப் பெயர்த்து, தரையில் இரும்புக் குழாய்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் உருட்டி உருட்டி நாலு பேர் அரைநாள் தள்ளினோம். திரும்பும் இடத்தில் துணி காயப்போடும் கம்பம் சாய்ந்தது. வெளுத்துப் போட்டிருந்த படுக்கை விரிப்புகள் மேலேயே மிஷின் ஏறி நின்றது. அன்று எனக்குச் சோறு கிடைத்ததே பெரிய விஷயம்.

துருப்பிடித்துக் கிடக்கிறது. அக்கக்காகக் கழற்றித் துடைத்துச் சரிசெய்யப் போகிறேன். எனக்கும் பொழுது போக வேண்டாமா? கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருப்பதில்லை.

உனக்கு ஏதாவது கடைந்து தர வேண்டுமென்றால் எழுது.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தைலம் தேய்க்கிறேன். வலி போகவில்லை, தைலம்தான் போகிறது. நீ உன் கதையைச் சொல். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் வேறு பல் கட்டிக்கொள் என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன். பதினொரு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்று கொண்டிருக்கிறாய். பார்க்கிறவர்களுக்கு நீ யாரையோ பழிப்பதுபோல இருக்கிறது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான் உன்னுடையது. ஓய்வுபெற்றவன் நடக்கப் போவான், நாலு செடி வைப்பான். நீ ஒன்றரை டன் இரும்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

உன் மாமா இருந்திருந்தால் செய்தி கேட்டதுமே முதல் பஸ்ஸைப் பிடித்து உன் கொட்டகையில் வந்து நின்றிருப்பார். நாம் ஒரே ஊரில் இருந்து, நீங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் வேலை பார்த்த காலத்தில், வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் லேத் பேச்சுதான். கடைசியில் என்னைக் கட்டிய மனுஷன் லேத்திலேயே போய்ச் சேர்ந்தார். அதனால் அந்த வார்த்தையே எனக்கு ஆவதில்லை. இருந்தாலும் உன் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

கேட்டாய், அதனால் சொல்கிறேன். என் தையல் மிஷினில் காலால் மிதித்தால் சுற்றும் பெரிய சக்கரம் ஆடுகிறது. நடுவில் இருக்கும் புஷ் என்கிற சின்ன உலோக வளையம் தேய்ந்துவிட்டதாம், அந்தக் காலத்து மிஷினுக்கு இப்போது புதிது கிடைக்காதாம். மிதித்தால் கடகடவென்று தெருவுக்கே கேட்கிறது. பழைய புஷ்ஷின் அளவைத் தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். செய்து தர முடியுமா?

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். படுக்கை விரிப்புக்காக நான் வருத்தப்பட்டதாகவும் சொல்.

அக்கா

*

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறோம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார். புஷ் கட்டாயம் செய்து தருகிறேன். அதுதான் இந்த மிஷினின் முதல் வேலை.

ஒரு மாசமாக எனக்கு மண்ணெண்ணெய் வாசனைதான். வீட்டுக்காரி என்னைக் கொட்டகையிலேயே சாப்பிடச் சொல்கிறாள். பெயிண்டைச் சுரண்டினால் அடுக்கடுக்காக வருகிறது. மேலே சாம்பல், அதற்கடியில் பச்சை, பச்சைக்கடியில் ஒரு கறுப்பு. பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கொட்டகை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேன். எதிலும் பல் உடையவில்லை. எனக்கு இருப்பதைவிட அதற்குப் பல் நன்றாக இருக்கிறது.

தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை அக்கா. சக் என்று சொல்வோமே, வேலைத்துண்டைக் கவ்விப் பிடித்துச் சுழலும் தலை, அதன் பக்கத்தில்தான் அதிகம். அங்கேதான் ஆள் நின்று நின்று வேலை பார்த்திருக்கிறான். தூரத்துப் பக்கம் புதிதுபோலவே பளபளக்கிறது.

நேற்று பாதியைத் திரும்பப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். மாமியார் முணுமுணுக்கவே இல்லை. நல்ல எண்ணெய் போட்டால் யாருக்கும் வாய் அடங்கும்போல.

ஓட்டவும் நிறுத்தவும் ஒரு லீவர் உண்டு. அந்தப் பெட்டியை மட்டும் இன்னும் திறக்கவில்லை. அது கடைசியில் ஆகட்டும்.

அன்புடன்,
தம்பி

*

மார்ச் 24

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். முழங்கால் கிடக்கட்டும்.

மாமியார் என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாற்பது மிஷின் இருந்தாலும் மாமியார் என்று பேர் வாங்கியது ஒன்றுதான். நீ வேலை பார்த்தது. எந்நேரமும் முணுமுணுக்கிறது என்று அந்தப் பேரை வைத்ததே உன் மாமாதான். "உன் தம்பியை இன்னைக்கும் மாமியார் பாடாப் படுத்திட்டா" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார். நீ பல் பிடுங்க லீவு போட்ட அன்றைக்கு, உனக்குப் பதிலாக அதில் நின்றுதான் அவர் செத்தார்.

நீ வாங்கியது அதுவா? ஆமாமா இல்லையா என்று எழுது. பெயிண்ட் கதையெல்லாம் வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆமாம். அதுதான்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து, உடைக்கப்போகிற மிஷின்களின்மேல் சாக்குக்கட்டியால் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். மூலையில் உறை போட்டு ஒதுக்கியிருந்த மாமியாருக்குப் பதினேழு. மாமா போன பிறகு அதை யாரும் தொட்டதே இல்லை. பதினேழு என்று பார்த்ததும் எனக்கு அங்கிருந்து வர முடியவில்லை. மாமா கை கடைசியாகப் பட்ட பொருள் யாரோ உலையில் போய் உருகுவதா என்று தோன்றியது. அவ்வளவுதான் அக்கா.

உனக்குச் சங்கடமாக இருந்தால் ஒரு வரி எழுது. நாளைக்கே வண்டி பிடித்து அனுப்பிவிடுகிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து இரண்டு நாள் சண்டை பிடித்தேன், சுவரோடு. பிறகு யோசித்துப் பார்த்தேன். மிஷின் என்ன பாவம் செய்தது? வைத்துக்கொள். பாவம் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் உன்னிடம் சொன்னதில்லை. உனக்கு வருத்தமாக இருக்கும் என்றுதான் சொல்லவில்லை. நீ உண்மையைச் சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிடுகிறேன்.

அன்று அவருக்கு வார லீவு. இரண்டு பேருமாக என் சிநேகிதி வீட்டுக்குப் போவதாக இருந்தது. மூன்று மாசமாக நாள் தள்ளிக்கொண்டே வந்த பயணம். முந்தின நாள் சாயந்திரம் நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாய், அவர் உடனே "நான் பாத்துக்கறேன், நீ போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார். நீ இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் பிடித்துக்கொண்டேன். "என் தம்பிக்குப் பல்வலின்னா உங்களுக்கென்ன வந்தது? ஊருக்கு உழைக்கத்தான் என்னைக் கட்டினீங்களா?" என்றேன். இன்னும் என்னென்னவோ. உன் பல்லையும் சேர்த்துத் திட்டினேன் தம்பி.

அவர் துண்டு போடாமல் வெளியே இறங்கமாட்டார், உனக்கே தெரியும். மிஷினில் துண்டு ஆகாது என்பதால் தினமும் வாசலில் நான்தான் அதை அவர் கழுத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வேன். அது எங்களுக்குள் ஒரு வழக்கம். எடுக்காவிட்டால் அவருக்கு ஞாபகம் வராது. அன்று நான் கோபத்தில் சமையலறையை விட்டு வரவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிடுவாரோ என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. துண்டோடு போய்விட்டார்.

கழுத்தில் துண்டோடு ஓடுகிற மிஷினில் குனிந்தார், துண்டைச் சுற்றி இழுத்துவிட்டது, அவருடைய கவனக்குறைவு என்று விசாரணையில் எழுதினார்கள். கவனத்தைக் கெடுத்து அனுப்பியது யார் என்று அவர்கள் எழுதவில்லை. அது எனக்குத்தான் தெரியும்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னதும் கொஞ்சம் மூச்சு வருகிறது. பதில் எழுது.

அக்கா

*

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே வெயில் எப்படி? தண்ணீர் நிறையக் குடி.

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கொட்டகையில் வேலை அதிகம். மிஷினுக்குப் பச்சைப் பெயிண்ட்தான் அடித்திருக்கிறேன், காய இரண்டு நாள் ஆயிற்று. புஷ்ஷின் வெளிப்பக்க அளவை அனுப்பியிருக்கிறாய், உள்துளை அளவு தெளிவாக இல்லை. ஒரு பென்சில் நுழைகிறதா பார்த்து எழுது.



தம்பி

*

ஜூன் 21

தம்பிக்கு,

பென்சில் நுழைகிறது, கொஞ்சம் ஆடுகிறது.

ஒன்றரை மாசம் தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. வந்த கடிதத்தில் பெயிண்ட் காய்ந்த கதை இருக்கிறது, நான் எழுதியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. புரிகிறது. அவர் உனக்கும் வேண்டியவர். நான்தான் கொன்றேன் என்று தெரிந்த பிறகு எனக்கு எழுத உனக்குக் கை வருமா? நான் கோபிக்கவில்லை. நீ திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

புஷ் அவசரமில்லை.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

நீ கொல்லவில்லை. முதலில் அதைப் படித்துக்கொள். மீதியை உட்கார்ந்து படி.

மாமியாரின் லீவர் மேலே நின்றால் சக் நிற்கும். கீழே இறங்கினால் சுழலும். அதை மேலே நிறுத்தி வைப்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் அதன் தலையில் உட்காரும் ஒரு குண்டும். அந்த ஸ்பிரிங் தளர்ந்துபோய், நிறுத்தி வைத்த லீவர் மோட்டார் ஓடும் அதிர்வில் தானாகவே இறங்க ஆரம்பித்தது. இறங்கினால் மிஷின் தானாகவே ஓடும். மாமா போவதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்தே அப்படித்தான். எழுதிக் கொடுத்தால் பழுதுபார்க்க ஆள் வரும்வரை என்னை வேறு மிஷினுக்கு மாற்றுவார்கள். புது மிஷினோடு யார் மல்லுக்கட்டுவது என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை. நாமே ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டி, மேலே ஒரு போல்ட்டில் தொங்கவிட்டேன். மிஷினை நிறுத்தியதும் அந்த ரப்பரை இழுத்து லீவரில் மாட்டுவேன். ஆறு மாசத்தில் கைக்குப் பழகிவிட்டது. மாட்டுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

அன்று சாயந்திரம் உன் வீட்டில் உட்கார்ந்து மாமாவிடம் எல்லாம் சொன்னேன். எந்த வேலை பாக்கி, என்ன அளவு, எந்த உளி மழுங்கியிருக்கிறது. ரப்பரை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை அக்கா, நினைப்பிலேயே இல்லை. சட்டைக்குப் பொத்தான் போட வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா, அப்படி ஆகிவிட்டது எனக்கு.

செய்தி வந்தபோது என் வாயில் பஞ்சு இருந்தது. அப்படியே ஓடினேன். மாமாவை எடுத்துப் போய்விட்டார்கள். மிஷின் பக்கத்தில் யாரும் இல்லை. அளவு பார்க்கும் காலிப்பர் கீழே கிடந்தது. ஓடுகிற மிஷினில் எந்தக் கடைசல்காரனும் காலிப்பரை வைக்கமாட்டான். மாமா ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் குனிந்திருக்கிறார். கவனமாகத்தான் இருந்திருக்கிறார். நின்ற சக் துண்டை இழுக்காது அக்கா. லீவர் தானாக இறங்கியிருக்கிறது. துண்டு இல்லாவிட்டால் சட்டைக் கையைப் பிடித்திருக்கும்.

ரப்பர் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். விசாரணைக்கு வந்தவர் லீவரை நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மோட்டார் ஓடவில்லை, அதனால் நாலு தடவையும் நின்றது. "இதுல ஏதாவது கோளாறு உண்டா?" என்று என்னைக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

மாமா கை பட்ட பொருள் என்று எழுதினேனே, மிஷினை வாங்கியதற்கு அது இரண்டாவது காரணம். யாராவது அந்தப் பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் முதல் காரணம்.

நீ துக்கத்தில் இருக்கிறாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். பழியைச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். ஏப்ரலில் தெரிந்தது. ஜூலையில் எழுதுகிறேன். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அதுவே போதும்.

நேற்று பெட்டியைத் திறந்தேன். புது ஸ்பிரிங், புதுக் குண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். அரைமணி நேர வேலை அக்கா. இப்போது லீவர் வைத்த இடத்தில் நிற்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் என் கை மேலே போய் ரப்பரைத் தேடுகிறது.

மன்னிப்பு கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி

*

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

இரண்டு மாசமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

இதோடு சின்னப் பொட்டலம் வரும். உன் தையல் மிஷின் புஷ். மாமியாரில் கடைந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடு.

மிஷினை உடைத்து இரும்பாகப் போட்டுவிடட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன். நீ சொல்கிறபடிதான் இனி எதுவும்.

தம்பி

*

நவம்பர் 14

தம்பிக்கு,

உன் ஜூலைக் கடிதத்தைப் பாதி படித்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மீதியைப் படித்தேன். முதலில் வந்தது கோபம் இல்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், முதலில் வந்தது நிம்மதி. "நான் கொல்லலை" என்று வெறும் வீட்டில் சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு டீச்சர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். நீ வந்த பிறகு நிம்மதி போய்விட்டது.

பதினொரு வருஷமாக அவர் படத்தின் முன்னால் நின்றால், "வாசலுக்கு வராம இருந்துட்டேங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பேன். இப்போது அவரிடம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. கவனமில்லாத மனுஷன், என்னை நட்டாற்றில் விட்டுட்டுப் போயிட்டார் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் நானும் சொல்லியிருக்கிறேன். அளவு பார்க்க மிஷினை நிறுத்தியவர் அவர். அதைக்கூட நீ எனக்குத் தெரியவிடவில்லை. ரப்பரைச் சொல்ல மறந்ததை நான் மறந்தாலும் மறப்பேன். அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, அதே சட்டையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாயே, அதை என்ன செய்வது?

அரைமணி நேரம் என்று எழுதியிருந்தாய். அந்த ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம். சோறு வேகும்போது கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஒரு சட்டைக்குக் காலர் வைத்து முடிக்கும்போது பார்க்கிறேன். அரைமணி நேரம் எவ்வளவு சின்னது என்று தினமும் நாலு தடவை தெரிந்துபோகிறது.

புஷ் வந்தது. போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது, மயிரிழை ஆட்டம் இல்லை. மிதித்தால் சத்தமே வரவில்லை. இரண்டு பாவாடை தைத்தேன். பிறகு கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினேன். கடகடவென்று இருந்தால் இருக்கட்டும். உன்னுடையதை அவர் மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் இல்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை. இப்போதைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

மிஷினை உடைக்காதே. உடைத்தால் உனக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஓட்டு, தினமும் ஓட்டு. நிறுத்தும்போது கை ரப்பரைத் தேடுகிறது என்று எழுதியிருந்தாய். தேடட்டும்.

போன இரண்டு கடிதத்திலும் நீ என் முழங்காலை விசாரிக்கவில்லை. அதற்கும் உரிமை இல்லை என்று நினைத்தாயோ என்னவோ. வலி அப்படியேதான் இருக்கிறது.

அக்கா